பின்சீட்டிலிருந்து ஸ்டியரிங்குக்கு: சவூதிப் பெண்கள் ராலிக்கு வந்த வழி

கடையநல்லூரில் எங்களுக்கு மாமா முறை வேண்டிய ஒருவர் இருக்கிறார். ஜித்தாவில் பத்தொன்பது வருஷம் ஹவுஸ் டிரைவர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "அரபி நல்லாப் பேசுவீங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "எதுக்கு? மூணு வார்த்தை போதும் மாப்ள. யமீன், யஸார், சீதா" என்றார். வலது, இடது, நேரே. கஃபீலின், அதாவது அவரை வேலைக்கு வைத்திருந்த முதலாளியின், மனைவி பின்சீட்டில் உட்கார்ந்து இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வார். மாமா வண்டியைத் திருப்புவார். "ஊரு பூரா மேடத்துக்கு மனப்பாடம். எந்த ரவுண்டானாவுல எத்தனாவது ரோட்டுல வெளிய போவணும், எந்த சிக்னல்ல எந்த லேன்ல நிக்கணும், அம்புட்டும் தெரியும். எனக்கு அது பிடிபட ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா ஓட்டக் கூடாது. என்ன செய்ய?"

2022 மார்ச்சில், பெண்கள் மட்டுமே ஓட்டும் ராலி ஒன்று சவூதியின் ஹாயில் நகரிலிருந்து புறப்பட்டது என்ற செய்தியைப் படித்தபோது அந்த மேடத்தின் நினைவுதான் முதலில் வந்தது. பெண்களுக்கு லைசென்ஸே கிடைக்காத நாடாக அது இருந்து முழுதாக நான்கு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் பாலைவனத்தில் வழி தேடி ஓட்டின. இடையில் என்ன நடந்தது? பெண்களுக்கென்றே தொடங்கிய டிரைவிங் ஸ்கூல்களுக்கு இதில் எவ்வளவு பங்கு, எந்த இடத்துக்கு மேல் அவற்றால் இழுத்துப் போக முடியவில்லை என்பதைத்தான் இந்த நிகழ்வு ஆய்வில் பார்க்கப் போகிறேன்.

தடை விலகியது

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990 நவம்பர் 6 அன்று ரியாத்தில் 47 பெண்கள் 14 கார்களை ஓட்டிச் சென்றார்கள். ஓட்டியவர்கள் வெளிநாட்டில் லைசென்ஸ் வாங்கியிருந்தவர்கள். பிடிபட்டார்கள், பலர் வேலை இழந்தார்கள், பாஸ்போர்ட்டுகள் பறிமுதலாயின. அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த தடை அதன்பிறகு அரசு ஆணையாகவே ஆனது. 2011 மே மாதம் மனால் அல்-ஷரீஃப் கார் ஓட்டும் வீடியோ பரவியது. அவர் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். 2014-இல் லுஜைன் அல்-ஹத்லூல் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டே சவூதி எல்லைக்குள் வர முயன்றார். 73 நாள் சிறை.

2017 செப்டம்பர் 26 அன்று மன்னர் சல்மானின் ஆணை வந்தது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் ஓட்டலாம். நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தேதிக்குச் சில வாரங்கள் முன்பு, மே மாதம், லுஜைன் உட்பட இந்த உரிமைக்காகப் போராடிய பலரைக் கைது செய்தார்கள். கேட்டவர்கள் உள்ளே, கேட்காமல் இருந்தவர்கள் லைசென்ஸ் வரிசையில். லுஜைன் வெளியே வந்தது 2021 பிப்ரவரியில். பின்னால் வரும் ஒவ்வொரு நல்ல விஷயத்தையும் எழுதும்போது இதுவும் என் மனசில் ஓரமாக உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது.

முப்பது மணி நேரம்

ஆணை வந்தாயிற்று. கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? இருந்த டிரைவிங் ஸ்கூல்கள் எல்லாம் ஆண்களுக்கானவை. ஆணும் பெண்ணும் ஒரே காரில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பதை அன்றைய சூழல் ஏற்காது. ஆகவே பெண்களுக்கென்று தனிப் பள்ளிகள் தொடங்கின. ரியாத்தில் பெண்கள் மட்டுமே படிக்கும் இளவரசி நூரா பல்கலைக்கழக வளாகத்தில் ஒன்று. தஹ்ரானில் அராம்கோ நிறுவனம் தன் ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துப் பெண்களுக்கும் ஒன்று. பயிற்சியாளர்களும் பெண்கள்தான், அவர்களில் வெளிநாட்டில் லைசென்ஸ் எடுத்துவிட்டு வந்த சவூதிப் பெண்கள் பலர்.

ஸ்டியரிங்கைத் தொட்டே பார்க்காதவருக்கு 30 மணி நேரப் பயிற்சி: வகுப்பறைப் பாடம், சிமுலேட்டர், அப்புறம் வண்டி. நம் ஊர் ஸ்கூலில் பதினைந்து நாள், நாளுக்கு அரை மணி, அதிலும் பாதி நேரம் அடுத்த ஆளை ஏற்ற இறக்கவே போய்விடும். அதோடு பார்த்தால் இது பெரிய பயிற்சிதான். கட்டணமும் அப்படியே பெரிது, 2,000 ரியாலைத் தாண்டியது. ஆண்கள் கட்டியதைவிடப் பல மடங்கு. காத்திருப்போர் பட்டியலும் நீளம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, சிறு சம்பளக்காரிக்கு, இந்தக் கதவு திறந்தும் திறக்காததுதான்.

தனிப் பள்ளி என்பது சம்பிரதாயத்துக்குப் பணிந்துபோன ஏற்பாடு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் வண்டி கற்கும் இடத்தில் வேறொன்றும் நடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் டிரைவிங் ஸ்கூல் போர்டுகளில் 'பெண்களுக்குப் பெண் பயிற்சியாளர் உண்டு' என்று கீழே தனியாக எழுதியிருப்பார்கள். என் அக்கா அப்படி ஒரு போர்டைத் தேடிப் போய்த்தான் சேர்ந்தாள். முதலில் சேர்ந்த இடத்தில், கிளட்சை வெடுக்கென்று விட்டு வண்டி ஆஃப் ஆகும் ஒவ்வொரு தடவையும் அந்த அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி மெல்லச் சிரித்தார். அது போதும். மறுநாளிலிருந்து அக்கா கிளட்சைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்து ஓட்டினாள். இடம் மாறியபின் நான்கே நாளில் கை நேராகிவிட்டது.

தப்பு செய்ய வெட்கப்படாத இடம் கிடைத்தால் தப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். பந்தயம் கற்பவருக்கு இது இன்னும் அவசியம். வண்டி எந்த வேகத்தில் பிடி நழுவுகிறது என்பதை நழுவவிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பக்கத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தால் யாரும் அந்த எல்லைக்குப் போக மாட்டார்கள்.

ஆனால் இந்த 30 மணி நேரத்தில் கிடைப்பது சாலைக்கான லைசென்ஸ். பந்தயத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது.

முன்வரிசைப் பெயர்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இரண்டு பெயர்களில் தொடங்குவார்கள். முதலாமவர் அஸீல் அல்-ஹமத். தடை விலகிய அதே 2018 ஜூன் 24 அன்று, பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்த பால் ரிக்கார் களத்தில், 2012-ஆம் வருஷத்து லோட்டஸ் ரெனோ ஃபார்முலா 1 காரைப் பார்வையாளர்கள் முன் ஓட்டிக் காட்டினார். அந்தப் படம் உலகம் சுற்றியது. இரண்டாமவர் ரீமா ஜுஃபாலி. 2018 அக்டோபரில் அபுதாபியின் யாஸ் மரீனாவில் முதல் பந்தயம், 2019-இல் பிரிட்டனில் ஃபார்முலா 4, அதே ஆண்டு நவம்பரில் ரியாத்தை அடுத்த திரிய்யாவில் ஜாகுவார் மின்கார் பந்தயம், அப்புறம் பிரிட்டிஷ் ஃபார்முலா 3. 2022-இல் தீபா மோட்டார்ஸ்போர்ட் என்று சொந்த அணியே தொடங்கிவிட்டார்.

இருவரும் உழைப்பாளிகள், சந்தேகமே இல்லை. ஆனால் பெண்கள் டிரைவிங் ஸ்கூலின் பலன் என்று இவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. ரீமா அமெரிக்காவில் படித்தவர், லைசென்ஸையும் அங்கேயே எடுத்தவர். அஸீல் தன் நாட்டு மோட்டார் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். வசதி, வெளிநாட்டுப் படிப்பு, தொடர்புகள் எல்லாம் முன்பே கையில் இருந்தன. ரியாத்தில் 30 மணி நேரம் முடித்து, வீட்டு டொயோட்டாவை வாரத்துக்கு நான்கு நாள் ஆபீசுக்கு எடுத்துப்போகும் ஒரு பெண்ணுக்கு ஃபார்முலா 4 எந்த விதத்திலும் அடுத்த படி ஆகாது. ஒரு சீசனுக்கு ஆகும் செலவில் வீடு வாங்கலாம்.

அவளுக்கு வேண்டியது, சொந்த வண்டியிலேயே, ரோல் கேஜ் என்ற பாதுகாப்புக் கம்பிக்கூண்டு போடாமல், எலும்பு முறியும் பயம் இல்லாமல், போட்டி என்றால் எப்படி இருக்கும் என்று ருசி பார்க்க ஒரு இடம். அமெச்சூர் மோட்டார்ஸ்போர்ட் எந்த நாட்டிலும் வளர்வது இந்தப் படியில்தான். சவூதியில் அந்தப் படிக்கு அமைந்த பெயர் ராலி ஜமீல்.

வேகம் இல்லாத ராலி

2022 மார்ச் 17 முதல் 19 வரை. ஹாயிலில் தொடங்கி, அல்-கஸீம் வழியாக ரியாத் வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுநரும் பெண், பக்கத்தில் வழி சொல்லும் நேவிகேட்டரும் பெண். யார் வேகமாகப் போனார்கள் என்பதற்கு மார்க் கிடையாது. சரியான வழியில், குறித்த இடங்களைத் தவறவிடாமல் யார் வந்தார்கள் என்பதுதான் போட்டி.

இந்த யோசனை புதிதல்ல. மொராக்கோ பாலைவனத்தில் பெண்களுக்கு மட்டுமான கசல்ஸ் ராலி 1990-இலிருந்து நடக்கிறது. அங்கே ஜி.பி.எஸ். கூடாது, காகித வரைபடமும் காம்பஸும் மட்டும். மிகக் குறைந்த தூரம் ஓட்டி எல்லா இடத்தையும் தொட்டவர் ஜெயிப்பார். அமெரிக்காவில் 2016-இல் எமிலி மில்லர் தொடங்கிய ரெபெல் ராலியும் இதே சாயல்: செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷோரூமிலிருந்து வந்த நிலையிலேயே உள்ள வண்டியில் கலந்துகொள்ளலாம்.

இப்படிப்பட்ட ராலியில் வழிக்குறிப்புப் புத்தகமான ரோடுபுக்கின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் மூன்று கட்டம். இடதுபக்கக் கட்டத்தில் இரண்டு எண்கள்: பெரிய எழுத்தில் தொடக்கத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், சின்ன எழுத்தில் முந்தைய குறிப்பிலிருந்து எவ்வளவு. நடுக் கட்டத்தில் ஒரு கோட்டுப் படம். கீழே உள்ள உருண்டைப் புள்ளி நீங்கள் வரும் இடம், அம்பு முனை போக வேண்டிய பக்கம். நெதர்லாந்தின் டியூலிப் ராலியில் பழக்கத்துக்கு வந்ததால் இதற்கு டியூலிப் என்றே பெயர். வலதுபக்கக் கட்டத்தில் குறிப்புகள்: காம்பஸ் கோணம், வறண்ட ஓடை, ஒட்டக வேலி, ஆபத்துக்கு ஆச்சரியக்குறி. ஒன்று என்றால் கவனம். மூன்று என்றால் கிட்டத்தட்ட நின்று, இறங்கிப் பார்த்துவிட்டுப் போ.

கேட்க எளிது. நான் தமிழ்நாட்டில் ஒரு டி.எஸ்.டி. ராலியில், அதாவது நேரம்-வேகம்-தூரம் கணக்குப் பார்க்கும் ராலியில், நேவிகேட்டராக உட்கார்ந்திருக்கிறேன். ஓடிய தூரம் காட்டும் டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்க ஒரே ஒரு இடத்தில் மறந்தேன். அடுத்த எல்லாத் திருப்பமும் 400 மீட்டர் தள்ளிப்போய், கடைசியில் ஒரு கோழிப்பண்ணை வாசலில் போய் நின்றோம். என்னை அழைத்துப்போன நண்பன் ஒன்றும் சொல்லாமல் ரிவர்ஸ் எடுத்தான். அந்த மௌனம் இன்னும் காதில் கேட்கிறது.

பாலைவனத்தில் இதோடு மணலும் சேர்ந்துகொள்ளும். மணல்மேட்டுக்கு முன் இறங்கி, டயரில் 32, 35 என்று இருக்கும் காற்றை 15, 18 வரை இறக்க வேண்டும். டயர் பரந்து மணலைப் பிடித்துக்கொள்ளும். உச்சியில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் புதைந்துவிடும். விடாமல் அழுத்தினால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே பறந்துவிடும். புதைந்துவிட்டால் மண்வெட்டியால் வாரி, டயருக்கு அடியில் பலகையைச் செருகி வெளியே எடுக்க வேண்டும். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இதையெல்லாம் சொல்லித் தர மாட்டார்கள். ஆனால் இதைக் கற்க இருபது வருஷ ஓட்டுநர் அனுபவம் வேண்டாம். பொறுமையும் கணக்கும், பக்கத்தில் இருப்பவளோடு சண்டை போடாத குணமும் போதும்.

இங்கேதான் மாமாவின் மேடம் திரும்பவும் நினைவுக்கு வருகிறார். பல பத்தாண்டுகளாக அந்த நாட்டுப் பெண்கள் பின்சீட்டிலிருந்து வழி சொல்லியே ஊரைக் கற்றவர்கள். வண்டியில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை நேவிகேட்டர் வேலைதான். அதற்கு அப்படி ஒரு பெயர் யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான். பெண்களுக்கான முதல் பெரிய போட்டியை வேகத்தில் வைக்காமல் வழி கண்டுபிடிப்பதில் வைத்தது, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சரியான முடிவு. ஓட்டுவதில் புதியவர்களைத் தங்களுக்குப் பழகிய திறமையோடு களத்துக்குள் அழைத்தது அது.

ஜெயித்தது சுவீடனின் ஆனி சீலும் மிக்கேலா ஆலின்-கொட்டுலின்ஸ்கியும். இருவரும் அனுபவசாலிகள், ஆனி சீல், உலகிலேயே கடினமானது என்று பெயரெடுத்த நெடுந்தூர டக்கார் ராலியில் பைக் ஓட்டியவர். போன வருஷம் லைசென்ஸ் எடுத்தவரையும் டக்கார் பார்த்தவரையும் ஒரே பட்டியலில் போடுவது நியாயமா என்று கேட்கலாம். நான் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. மாலையில் வண்டிகள் வந்து நின்றபின் பக்கத்து வண்டிக்காரி தன் ரோடுபுக்கில் எந்தக் கலரில் எதைக் கோடு போட்டிருக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பதில் கிடைக்கும் பாடம், எந்தப் பள்ளிப் பாடத்திட்டத்திலும் கிடைக்காது.

யாருக்கு என்ன லாபம்

ராலியின் பெயரிலுள்ள ஜமீல், அப்துல் லத்தீஃப் ஜமீல் நிறுவனம். சவூதியில் டொயோட்டா வண்டிகளை 1955-இலிருந்து விற்பவர்கள். ஒரே ஆணையில் நாட்டுப் பெண்களெல்லாம் கார் ஓட்டக்கூடியவர்களாக மாறினால் கார் விற்பவர் சும்மா இருப்பாரா? விளம்பரம்தான். அதை மறைத்து எழுத ஒன்றும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் நம் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களத்தில் டிவிஎஸ் பெண்களுக்குத் தனிப் பைக் பந்தயம் வைத்தபோதும் விற்பனைக் கணக்கு இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் கம்பெனியே ஒரே மாதிரி பைக்குகளைக் கொடுத்ததால், சொந்தமாகப் பந்தய பைக் வாங்கக் காசில்லாத பெண்ணும் கிரிட்டில் நிற்க முடிந்தது. யார் லாபத்துக்காக என்பதைவிட, நுழைவுச் செலவு இறங்கியதா என்றுதான் நான் பார்க்கிறேன்.

அரசின் லாபம் வேறு வகை. 2020-இலிருந்து டக்கார் அங்கே நடக்கிறது, 2021 டிசம்பரிலிருந்து ஜித்தாவில் ஃபார்முலா 1. கறையை விளையாட்டால் கழுவுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த ஒவ்வொன்றின் பின்னாலும் வருகிறது, வர வேண்டியதும்தான். அதற்காக மணலில் புதைந்த வண்டியை இழுத்து எடுத்த பெண்ணின் மகிழ்ச்சி பொய்யாகிவிடாது.

இன்னொரு மாற்றம் அதிகம் பேசப்படவில்லை. 2019 ஆகஸ்டில் 21 வயது தாண்டிய பெண்கள் ஆண் காப்பாளரின் அனுமதியில்லாமல் வெளிநாடு போகலாம் என்று விதி மாறியது. பந்தயம் ஓட்ட நினைப்பவருக்கு லைசென்ஸுக்குச் சமமான விஷயம் இது. பயிற்சியும் போட்டியும் பாதி வெளிநாட்டில்தானே.

தனி வரிசை எதுவரை

பெண்களுக்குத் தனிப் போட்டி வேண்டுமா என்ற சண்டை மோட்டார்ஸ்போர்ட்டில் ஓயாத ஒன்று. பெண்களுக்கு மட்டுமான கார் பந்தயத் தொடர் டபிள்யூ சீரிஸ் 2019-இல் வந்து, பணம் இல்லாமல் 2022-இல் நின்றது. 2023-இல் அதே மாதிரி எஃப்1 அகாடமி வந்தது. எதிர்ப்பக்கம், 2021 ஏப்ரலில் சவூதியின் அல்-உலாவில் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் ஈ பந்தயத்தில் ஒவ்வொரு அணியிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாறி மாறி ஒரே வண்டியை ஓட்ட வேண்டும் என்று விதி இருந்தது. இரண்டில் எது சரி என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு வயதுக்கானவை என்பேன். நடை பழகும் குழந்தைக்கு மூன்று சக்கர நடைவண்டி. ஓடுகிற பிள்ளை கையில் அதைக் கொடுத்தால் தடுக்கி விழும்.

சவூதியில் உச்சிக்குப் போனவர்கள் ராலி ஜமீல் வழியாகப் போகவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தானியா அகீல் முதலில் பைக் பந்தயம் ஓட்டினார். 2020-இல் பஹ்ரைனில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் பாலைவன ராலிக்கு மாறி, 2021-இல் பாஹா எனப்படும் குறுகிய பாலைவன ராலிகளுக்கான உலகக் கோப்பையில் டி3 என்ற இலகுரக வண்டிப் பிரிவை வென்றார். 2022 ஜனவரியில் அவரும் மஷாயில் அல்-உபைதானும் டக்கார் ஓட்டினார்கள். அதில் கலந்துகொண்ட முதல் சவூதிப் பெண்கள். தானியா தன் பிரிவில் எட்டாவது. ராலி ஜமீல் நடந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அதனால் 'பள்ளி, ராலி, டக்கார்' என்று ஒரே ஏணியாக வரைந்து காட்டுவது தவறு. பள்ளிகளும் ராலியும் செய்தது கீழே கூட்டம் சேர்த்தது. மேலே போகும் வழியை இன்னும் பணமும் வெளிநாட்டுப் பயிற்சியும்தான் தீர்மானிக்கின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தி மேலே போகும் வரை இந்தத் திட்டத்தை முழு வெற்றி என்று எழுத எனக்குக் கை வராது.

போன பெருநாளுக்கு மாமாவைப் பார்த்தபோது டக்கார் கதையைச் சொன்னேன். தானியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் உருகுவே நாட்டுக்காரர், பெயர் செர்ஹியோ லாஃபுவென்டே என்றேன். மாமா டீயைக் கீழே வைத்தார்.

"ஆம்பளையா?"

"ஆமா மாமா."

"அந்தப் புள்ள ஓட்டுது, இவன் யமீன் யஸார் சொல்றானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வெகுநேரம் சிரித்தார். அப்புறம், "மேடம்ட்ட இதச் சொல்லணுமே, நம்பர் இருக்கா பாப்பம்" என்று போனைத் தேடினார்.